பக்கத்து வீட்டு இருமல்

டக், டக், டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக், டக், டக். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்ற எனக்குச் சத்தத்திலேயே விளங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது எங்கட ஆள் ஒருவர்தான் என்று. வெள்ளைக்காரன் ஒரு தரம் தட்டிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நீங்கள்தான் தம்பி, கதவுக்குக் காது மந்தம் என்று நினைத்த மாதிரித் தட்டினீங்கள்.

வாங்கோ, உள்ளே வாங்கோ. அவர் வீட்டில் இல்லை. சப்பாத்தை அந்தப் பக்கம் விடுங்கோ. பெயர் செல்வினோ? ஊர் மார்த்தாண்டமோ? நல்லது. நான் தவநாதன். பாண் பேக்கரியில் இரவு வேலை. இருபத்திரண்டு வருஷமாக, லண்டன் சனம் நித்திரை கொள்கிற நேரத்தில் அவர்களுடைய பாணை நான் வேகவைக்கிறேன். அவர்கள் எழும்பி அதைச் சாப்பிடுகிற நேரத்தில் நான் நித்திரை கொள்ளப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை லீவு.

மிஸ்டர் பெர்லோவின் மகள் ஷிஃப்ராதானே மான்செஸ்டரில் இருந்து உங்களை அனுப்பினவ? சுவிட்ச் பெட்டியை மாற்றச் சொல்லி? சாவி என்னிடம் இருக்கிறது. அந்தா, பிள்ளையார் படத்துக்குக் கீழே தொங்குது. தருவேன். தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது மூன்று மணி. இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் அவருக்குச் சனிக்கிழமை தொடங்கிவிடும். அவர் யூதர், தம்பி. அவர்களுக்குச் சனிக்கிழமை வெள்ளி பின்னேரமே வந்துவிடும். அதற்குப் பிறகு நாளைக்கு இருட்டும்வரை ஒரு சுவிட்சைத் தொட மாட்டார், வீட்டுக்குள் வேலை செய்யவும் விடமாட்டார். முக்கால் மணித்தியாலத்தில் மாற்றிவிடுவீங்களோ? அரை மணித்தியாலம் போதுமோ? ம். கெட்டிக்காரர். அப்படியென்றால் தேத்தண்ணி குடிக்க நேரம் இருக்கிறது. அந்தக் கதிரையை இழுங்கோ. சும்மா இருக்கிற கைக்கு இந்தச் சின்னக் கத்தியைப் பிடியுங்கோ. இரண்டே இரண்டு வெங்காயம்.

பெட்டியில் என்ன பிழை என்று நானே சொல்கிறேன், நீங்கள் தேடத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொழுது சாயமுன்னம் அவர் சாப்பாடு சூடாக இருக்க ஒரு மின்சாரத் தட்டைப் போடுவார், ஒரு பெரிய கேத்திலைப் போடுவார். பிறகு தொடக் கூடாதே, ஆனபடியால் முதலே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார். நாலேகாலுக்கு மணிக்கூட்டுச் சுவிட்ச் தானாகவே முன்னறை ஹீட்டரைப் போடும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததும், டக். மெயின் விழுந்துவிடும். விளக்கு, சூப், கேத்தில், பொயிலர், எல்லாம் நின்றுவிடும்.

மாற்றினால் நல்லதுதான். தனியாக இருக்கிற மனிசன். எனக்கென்ன? மாற்றினபிறகு வெள்ளி பின்னேரம் அவர் என்ர வேலிப்பக்கம் வர ஒரு காரணமும் இராது. நானும் நிம்மதியாகப் படுத்துக் கிடக்கலாம். ஒன்பது வருஷமாக எனக்கு வெள்ளிக்கிழமை நித்திரை கிடையாது, தெரியுமோ?

சீனி போதுமோ?

முதல் தரம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீங்கள். நாங்கள் வந்து இரண்டாம் கிழமை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். எட்டிப் பார்த்தால் கறுப்புத் தொப்பியோடு இவர். "மிஸ்டர் தவா, இன்றைக்கு என் வீட்டுக்குள் நல்ல இருட்டு" என்றார். நான் சொன்னேன், ஓம், மாரி காலம், இங்கேயும் இருட்டுத்தான் என்று. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "சூப்பும் ஆறிக்கொண்டு வருகிறது." எனக்குப் பாவமாக இருந்தது. ஆறின சூப்பும் வயிற்றுக்கு நல்லது என்று ஆறுதல் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "மெயின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது" என்றார். இந்த மனிசன் என்னத்துக்குத் தன்ர வீட்டு வரைபடத்தை எனக்கு ஒப்புவிக்கிறார் என்று யோசித்துக்கொண்டு, எங்கட சுவிட்ச் குளியலறைப் பக்கம் என்று நானும் சொன்னேன். ஒருவர் சொன்னால் மற்றவரும் சொல்ல வேண்டும், அதுதானே மரியாதை?

குசினிக்குள் இருந்து என்ர மனிசி தர்மினி வந்தாள். "அந்த மனிசன் கேக்காமல் கேக்குது. உங்களுக்கு மண்டைக்குள்ள பாணோ? போய்ப் பாருங்கோ."

அதுதான் விஷயம். செய்து தா என்று இன்னொருவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாதாம். தன்ர நிலைமையைச் சொல்லலாம். கேட்கிறவனுக்கு மூளை இருந்தால் விளங்கும். அன்றிலிருந்து எனக்கு விளங்கும். அவர் இருமினாலே போதும்.

போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு உடனே வரவும் முடியாது. நான் எனக்காக விளக்குப் போட்டதாக இருக்க வேண்டுமாம். அதற்காக நான் அங்கே இருந்து ஏதாவது சாப்பிட வேண்டும். கடதாசித் தட்டில் ஒரு மீன் உருண்டை வைப்பார். மீனுக்குச் சீனி போடுகிற சனத்தை நீங்கள் கண்டிருக்கிறீங்களோ? முதல் தரம் அதை விழுங்க நான் பட்ட பாடு. இப்போது சட்டைப் பைக்குள் கொஞ்சம் மிளகாய்த்தூள் மடித்துக்கொண்டு போவேன். ஒருநாள் அவரும் ஒரு துளி கேட்டார். வாய்விட்டுக் கேட்கவில்லை, தட்டைத் தள்ளினார். பிறகு அரை மணித்தியாலம் தண்ணீர் குடித்தார்.

எங்கட வாசல் நிலையில், வலது பக்கம், ஒரு பித்தளைக் குழாய் பார்த்தீங்களோ? அதைக் கட்டாயம் சொல்ல வேணும். வீடு பார்க்க வந்த அன்று தர்மினி பக்கத்து வாசலைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கூடு அடித்திருந்தது. "பாருங்கோ, இவையும் வாசலிலே தகடு அடிக்கிறவை. நல்ல ஆக்கள்" என்றாள். அதற்காகவே இந்த வீட்டை எடுத்தோம். ஊரில் ஐயர் எழுதித் தந்த செப்புத் தகட்டைச் சுருட்டி, பித்தளைக் குழாய்க்குள் போட்டு, நானே அடித்தேன். அவருடையது சாய்வாக இருந்தது. இங்கே சாய்வாகத்தான் அடிக்க வேணுமாக்கும் என்று நானும் சாய்வாக அடித்தேன். அவருடைய கூட்டுக்குள்ளும் எழுத்துத்தான் இருக்கிறதாம். அதைச் சாய்வாக அடிக்க வேணும் என்பது அவர்களுடைய வழக்கமாம். எனக்கு யார் சொன்னது? இது பிறகு எனக்கே வினையாக வந்தது.

இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. இருங்கோ. மீன் ரோல்ஸ் சூடாக்குகிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம். ஓம், சண்டை. போன வருஷம். அங்கே பாலஸ்தீனத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபடியால் இங்கே ஒரு கடையில் ஒழுங்காக மீன் வாங்க முடியாது. அருளம்பலத்தின் கடை தெரியுமோ, சந்தியில்? கடைக்காரர் அருளம்பலம் ஒரு கட்சி. நாங்கள் யூதர் மாதிரியாம். நாடில்லாமல் அலைந்த சனம், படித்த சனம், அவையைப் பார்த்துப் பழக வேணுமாம். பின்னால் மீன் வெட்டுகிற சீவரத்தினம் மற்றக் கட்சி. நாங்கள் பாலஸ்தீனர் மாதிரியாம். நிலம் பறிபோன சனம், எங்கட இயக்கப் பெடியளுக்கு அந்தக் காலத்தில் பயிற்சி தந்தது ஆர் என்று கேட்பார். அமெரிக்கா என்ன செய்ய வேணும், பிரித்தானியா ஆருக்கு ஆயுதம் விற்கக் கூடாது, ஐ.நா.வில் ஆர் கை தூக்க வேணும், எல்லாம் அரிசி மூட்டைக்கும் விளைமீன் தட்டுக்கும் நடுவில்தான் முடிவாகும். நான் அருளம்பலம் பக்கம் ஒரு சொல் சொன்னால் சீவரத்தினம் என்ர மீனைத் தலையும் வாலுமாக வெட்டிவிடுவார். சீவரத்தினம் பக்கம் சொன்னால் கல்லாவில் அருளம்பலத்தின் முகம் கறுத்துவிடும்.

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. பேக்கரியில் இடைவேளை அரை மணித்தியாலம். அதற்குள் நான் ஏழு நாட்டுச் செய்தி வாசிக்கிறவன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு கதைக்கிறோமே, பக்கத்து வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று.

அந்த வெள்ளிக்கிழமை மீன் உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன். "மிஸ்டர் பெர்லோ, உங்கட ஆக்களுக்குச் சரியான மூளை. காசு, பத்திரிகை, அமெரிக்கா, எல்லாம் உங்கட கையிலே. உலகத்தையே நீங்கள்தான் ஓட்டுறியள். எங்கட விஷயமும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன். ஒரு ஃபோன் போதும்."

நீங்களே சொல்லுங்கோ தம்பி, இது புகழ்ச்சியா, ஏச்சா? எங்கட ஆக்களைப் பற்றி ஆராவது இப்படிச் சொன்னால் நான் கட்டிப்பிடித்திருப்பேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். "என் தாத்தா இருந்த ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது" என்றார். முகம் அப்படியே மூடிவிட்டது, கடைக்கு ஷட்டர் போடுகிற மாதிரி.

புகழ்ந்தவனுக்கு இது. எனக்கும் ரோஷம் இருக்கிறதுதானே. சொல்லக் கூடாது என்று நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். தொண்ணூற்றெட்டில் நாங்கள் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலம். குண்டு போடுகிற கிபிர் பிளேன் வந்தது. அந்தப் பிளேன் எந்த நாட்டிலிருந்து வாங்கினது என்று எங்கட சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லாரும் பதுங்குகுழிக்குள். பெரியக்கா மட்டும் இறங்கவில்லை, அடுப்பில் சோறு கொதிக்குது, வடித்துவிட்டு வாறன் என்று நின்றா. அவ்வளவுதான். "நீங்கள் செய்து வித்த பிளேன்தான் என்ர அக்காவை முடிச்சது" என்றேன்.

அவர் எழும்பவில்லை. மேசையில் இருந்த தன்ர இரண்டு கையையும் பார்த்தார். "தவா, நான் முப்பத்தெட்டு வருஷம் பல் செய்தேன். பொய்ப்பல். மேல்வரிசை, கீழ்வரிசை. வேறொன்றும் செய்யவில்லை."

நான் எழும்பி வந்துவிட்டேன். விளக்கைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், அதையும் சொல்ல வேணும்.

ரோல்ஸ் எடுங்கோ. உறைப்போ? ஊரில் உங்கட பக்கம் உறைப்பில்லையோ?

அதற்குப் பிறகு ஏழு கிழமை இருமல் இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதலாம் கிழமை நாலேகாலுக்கு அவர் வீட்டு விளக்கு நின்றது, அடுத்த நாள் பின்னேரம் ஐந்து இருபதுக்குத்தான் வந்தது. இரண்டாம் கிழமை ஹீட்டரைப் போடாமல் விட்டார் போல, விளக்கு நிற்கவில்லை. ஆனால் யன்னலில் அவருடைய மூச்சு புகையாகத் தெரிந்தது. மூன்றாம் கிழமை கம்பளித் தொப்பி. நாலாம் கிழமை இரண்டு மேல்கோட்டு, மேலே இருந்தது மண்ணிறம். நான் கவனிக்கவில்லை, சும்மா மேல்மாடி யன்னல் பக்கம் போனபோது கண்ணில் பட்டது.

தர்மினி சொன்னாள், போய்ப் பாருங்கோ என்று. அவர் கேட்கட்டும் என்றேன். "அவருக்குக் கேக்க ஏலாது எண்டு தெரியும்தானே?" என்றாள். இருமலாமே, இருமுவதற்கு என்ன தடை என்றேன்.

எட்டாம் வெள்ளிக்கிழமை. காலமை வேலை முடிந்து ஆறரைக்கு வருகிறேன். என்ர கதவில், இந்தக் கதவில், சிவப்புப் பெயின்ட். ஒரு நட்சத்திரம் கீறி, அதற்குமேல் குறுக்குக்கோடு போட்டு, "யூதனே, உன் நாட்டுக்குப் போ" என்று.

எனக்கு. தவநாதனுக்கு. வேறொன்றும் இல்லை, அந்தப் பித்தளைக் குழாயைப் பார்த்திருக்கிறான்கள். அவருடைய வாசலுக்கு முன்னால் ரோஜாச் செடி படர்ந்து கூட்டை மறைத்திருந்தது. என்ர குழாயோ நான் பாலிஷ் போட்டு வைத்திருந்தது, தெருவிளக்குக்கே மின்னும்.

என்னை என்ர நாட்டுக்குப் போகச் சொல்லி முந்தியும் எழுதியிருக்கிறார்கள், தம்பி. விசாக் கந்தோர் ஒன்பது வருஷம் எழுதினது. ஆனால் அவர்கள் 'அன்புள்ள ஐயா' என்று தொடங்குவார்கள். இது சரியான அநியாயம். ஆளையே மாற்றி ஏசுவதா? நான் உடனே ஒரு கடதாசி எடுத்து, பெரிய எழுத்தில், நல்ல ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன்: 'இந்த வீட்டில் யூதர் இல்லை. தயவுசெய்து விசாரித்துவிட்டு எழுதவும்.'

இப்போதும் சொல்கிறேன், அதில் ஒரு பொய் இருக்கிறதோ? பிழை இருந்தால் காட்டுங்கோ.

தர்மினி பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருந்தவள், கதவடியில் நின்று வாசித்தாள். "விசாரிச்சால் எந்த வீட்டைக் காட்டுவியள்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கடதாசியைக் கழற்றவில்லை. கழற்றலாம் என்று எழும்பினேன், நித்திரை வந்துவிட்டது.

பின்னேரம் இரண்டு மணிபோல உரஞ்சுகிற சத்தம் கேட்டு முழிப்பு வந்தது. யன்னலால் பார்த்தால் பெர்லோ. ஒரு வாளி, ஒரு தூரிகை, பல் ஆய்வுகூடத்தில் இருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஏதோ நாற்றம் பிடித்த திராவகம். என்ர கதவை உரஞ்சிக்கொண்டு நிற்கிறார். கடதாசி அப்படியே இருக்கிறது. அதை நனையாமல் கையால் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றித் துடைக்கிறார். வாசிக்காமல் அப்படிப் பிடிக்க முடியாது, தம்பி. வாசித்துத்தான் இருக்கிறார்.

நான் கீழே இறங்கினேன். கதவைத் திறந்தால் ஏதாவது கதைக்க வேண்டும். திறக்கவில்லை. உள்பக்கம் நின்றேன். வெளியே அவர், உள்ளே நான், நடுவில் கதவு, அரை மணித்தியாலம். கடைசியில் "மலிவான பெயின்ட். நல்லகாலம்" என்று அவர் தனக்குள் சொன்னது கேட்டது. நான் உள்ளே நிற்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் பனி. நாலேகாலுக்கு அங்கே டக். விளக்கு நின்றது. நான் குசினியில் நின்று காது கொடுத்தேன். இருமல் இல்லை. ஐந்து மணி. இல்லை. வாயைத் திறக்கவேண்டாம், தொண்டையைச் செருமலாமே. ஐந்தரைக்கு நானே வேலிப்பக்கம் போய் இருமினேன்.

ஏன் சிரிக்கிறீங்கள்? எனக்கு உண்மையாகவே தடிமன், சளி.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மெழுகுதிரியும் எரிந்து முடிந்து, இருட்டுக்குள் இரண்டு கோட்டோடு கதிரையில் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே போய்ச் சுவிட்சைத் தூக்கினேன். வெளிச்சத்தில் பார்த்தால் உதடு நீலம். மேசையில் எனக்குரிய கடதாசித் தட்டு இருந்தது, மீன் உருண்டையோடு. எட்டுக் கிழமையும் வைத்தாரோ, அன்றைக்கு மட்டும் வைத்தாரோ, நான் கேட்கவில்லை.

கை சூடானபிறகு சொல்கிறார், "குளிருக்கு நாங்கள் வாய்விட்டே கேட்கலாம், தவா. அதற்கு அனுமதி இருக்கிறது. குளிரில் எல்லோரும் நோயாளிகள் என்று எழுதியிருக்கிறது" என்று.

எனக்கு வந்த கோபம். "அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீ ஏன் கேட்கவில்லை?"

நான் அவரிடம் கேட்க என்ன இருக்கிறது, தம்பி? சுவிட்ச் விழுந்தது அவருடைய வீட்டில். இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு விளங்கவில்லை. பிடிவாதம் பிடித்த மனிசன் என்று நினைத்துக்கொண்டு மீனைச் சாப்பிட்டேன். மிளகாய்த்தூள் கொண்டுபோக மறந்துவிட்டேன், அப்படியே சாப்பிட்டேன்.

வெளிக்கிடும்போது கேட்டார், "உன் அக்காவின் பெயர் என்ன?" என்று. சொன்னேன். பத்மாவதி. அவருக்கு வாய்க்குள் வரவில்லை. மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். நாலாம் தரம் வந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டேன். ஈரத்தில் ஊறிப் போயிருந்தது, அதனால்தான். குழாயையும் கழற்றிவிடச் சொல்லி, பெயின்ட் விஷயமாக விசாரிக்க வந்த பொலிஸ்காரப் பெண் புத்தி சொன்னா. கழற்றவில்லை. ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டது. என்ன? புது ஆணி மாதிரி இருக்கோ? உங்களுக்கு நல்ல கண். போன மாசம் பாலிஷ் போடும்போது மாற்றினேன்.

கடையில் இப்போது வாய் திறப்பதில்லை. அவையள் இன்னும் முடிவெடுக்கவில்லை. மீன் துண்டு மட்டும் ஒழுங்காக வருகிறது.

ஐயோ, நேரத்தைப் பாருங்கோ. அந்தா, தெருவில் போகிறார், கறுப்புத் தொப்பி. கூப்பிடாதேங்கோ, மெழுகுதிரி கொளுத்துகிற அவசரம். பார்த்தீங்களோ, மூன்று நாற்பது. இனி ஒன்றும் செய்ய ஏலாது. என்ர பிழைதான், கதையில் விட்டுவிட்டேன். போன மாசம் வந்த ஆளுக்கும் இப்படித்தான் நேரம் போய்விட்டது. அதற்கு முதல் வந்தவர் திங்கட்கிழமை வந்தார். அன்றைக்குப் பெர்லோ பல்வலி என்று கதவே திறக்கவில்லை. பல் செய்கிற மனிசனுக்குப் பல்வலி. நீங்கள் வேறொரு நாள் வாங்கோ, எனக்கு முதலில் ஃபோன் பண்ணிவிட்டு. தெருவில் இப்போது நெரிசல், நாலரைக்குப் பிறகு வெளிக்கிடலாம். இன்னொரு தேத்தண்ணி ஊத்துறன். இன்னும் நாலு வெங்காயம் கிடக்கு.

…

அந்தா. விளக்கு நின்றுவிட்டது. பேசாமல் இருங்கோ.

கேட்டதோ? அதுதான். ஒன்பது வருஷத்தில் இருமல் மாறவே இல்லை. ஓம், ஓம், வாறன், மிஸ்டர் பெர்லோ. தம்பி, அந்த மிளகாய்த்தூள் டப்பாவை ஒருக்கால் தாங்கோ. வந்துவிடுகிறேன்.

…

போட்டாச்சு. சாப்பிட்டும் ஆச்சு. இன்றைக்கு மீனில் சீனி கொஞ்சம் குறைவு.

என்ன சொன்னார் தெரியுமோ? "என் மகள் ஒரு எலெக்ட்ரீஷியனை அனுப்புவதாகச் சொன்னாள். இன்றைக்கும் யாரும் வரவில்லை. இந்தக் காலத்து ஆட்களை நம்பவே முடியாது" என்கிறார். உங்கட வேன் அவருடைய வாசலை மறித்துக்கொண்டு நிற்குது, தம்பி. பக்கவாட்டில் ஒரு முழ எழுத்தில் எழுதியும் இருக்குது.

ஓம் என்றேன். நம்பவே ஏலாது என்றேன்.

கத்தியை இங்கே தாங்கோ, மிச்சத்தை நான் உரிக்கிறேன். நீங்கள் தோலோடு பாதி வெங்காயத்தையும் எறிகிறீங்கள்.